தண்ணீரில் ஒரு மேடு

கல்கத்தாவின் கரியாஹாட் சந்திப்பிலிருந்து சேலைக் கடைகளையும் நடைபாதைக் கடைகளையும் விலக்கிக்கொண்டு தெற்கே கோல்பார்க் வரை நடந்து, வலது கைப்பக்கம் சதர்ன் அவென்யூவில் திரும்பினால் சற்றுத் தூரத்தில் ரவீந்திர சரோபர் வந்துவிடும். 1920-களில் கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் சதுப்பு நிலத்தை வெட்டி உண்டாக்கிய ஏரி. 1958-ல் தாகூரின் பெயரைச் சூட்டினார்கள். ஊர்க்காரர்களுக்கு இன்றும் அது ‘லேக்’தான். பக்கத்து லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் காபிப்பொடியும் வாங்கித் தலைமுறைகளாகக் குடித்தனம் நடத்தும் தமிழர்களுக்கும் அப்படியே. சுமார் 73 ஏக்கர் நீர்ப்பரப்பு. காலை வேளையில் அதன் மேல் ஓடுபவை ஒல்லியான துடுப்புப் படகுகள். 1858-ல் தொடங்கிய கல்கத்தா ரோயிங் கிளப் உட்பட நகரத்தின் பெயர்பெற்ற துடுப்புக் கிளப்புகள் இந்தக் கரையில்தான் இருக்கின்றன.

மோட்டார் படகின் பின்னால் கயிற்றைப் பிடித்தபடி நின்றுகொண்டே சறுக்கிப் போகும் விளையாட்டுக்கு இங்கே இடமில்லை. அதற்கு ஸ்ரீநகரின் நகீன் ஏரிக்கோ, இலங்கையின் பெந்தோட்டை ஆற்றுக்கோ போகவேண்டும். இருந்தாலும், தண்ணீர் ஒரு மனிதனை எப்படித் தன் மேல் நிற்க விடுகிறது என்ற கேள்வியை இந்த லேக் கரையிலிருந்து தொடங்குவதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. துடுப்புப் படகுக்காரரும் நீர்ச்சறுக்குக்காரரும் சமாளிக்கவேண்டிய இடைஞ்சல் ஒன்றேதான். ஒருவர் அதை நழுவிக் கடக்கிறார். மற்றவர் அதன் மேல் ஏறிக் கடக்கிறார்.

அந்த இடைஞ்சல், படகே உண்டாக்கும் அலை. படகு நகரும்போது முன்பக்கம் தண்ணீரைத் தள்ளி ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடிக்கொண்டே போகும். ஆழமான நீரில் ஓர் அலையின் நீளத்துக்கும் அது ஓடும் வேகத்துக்கும் மாறாத கணக்கு உண்டு. 5 மீட்டர் நீள அலை மணிக்கு சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஓடும். ஆகவே 5 மீட்டர் நீளமுள்ள படகு அந்த வேகத்தைத் தொடும்போது அதன் மூக்கில் ஒரு முகடு, வாலில் அடுத்த முகடு, நடுவில் பள்ளம். இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டினால் பின் முகடு வாலை விட்டு நழுவிப் பின்னால் போய்விடும். வால் பள்ளத்தில் இறங்கும், மூக்கு வானத்தைப் பார்க்கும். படகு தான் எழுப்பிய அலையின் மேலேயே ஏற முயன்றுகொண்டிருக்கும். அதற்குப் பிறகு எஞ்சினை எவ்வளவு முறுக்கினாலும் பெரும்பகுதி சக்தி அலையைப் பெரிதாக்கவே செலவாகும். தட்டையாகத் தெரியும் ஏரியில் இப்படி ஒரு மேடு எல்லாப் படகுக்கும் முன்னால் காத்திருக்கிறது. மேடு எந்த வேகத்தில் வரும் என்பதைப் படகின் நீளம் தீர்மானிக்கிறது.

இங்கிலாந்துக் கப்பல் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட் 1860-களிலும் 70-களிலும் சிறிய மாதிரிக் கப்பல்களை நீரில் இழுத்துப் பார்த்து இந்தக் கணக்கைப் பிடித்தார். நீளத்தின் வர்க்கமூலத்தோடு வேகத்தை ஒப்பிட்டால் சிறிய மாதிரியும் பெரிய கப்பலும் ஒரே மாதிரி அலை எழுப்பும் என்பது அவர் கண்டது. கப்பலைக் கட்டுவதற்கு முன்பே தொட்டியில் சோதித்துப் பார்க்கும் வழக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

லேக்கில் ஓடும் படகுகளுக்கு வருவோம். ஒற்றை ஆள் பந்தயப் படகு சுமார் 8 மீட்டர் நீளம், அகலமோ ஒரு முழத்துக்கும் குறைவு, எடை 14 கிலோ. நீளக் கணக்குப்படி அதன் மேடு மணிக்கு 13 கிலோமீட்டர் அருகில் வரவேண்டும். ஆனால் உலகத் தரத்து வீரர்கள் 2000 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள், மணிக்கு சுமார் 18 கிலோமீட்டர் வேகத்தில் முடிக்கிறார்கள். மேடு எங்கே போனது? இருக்கிறது. படகு அவ்வளவு ஒல்லியாக இருப்பதால் அது எழுப்பும் அலை மிகச் சிறியது, ஆகவே மேடும் மிகத் தாழ்ந்தது. இந்த ஒல்லி உடம்புக்குக் கொடுக்கும் விலை நிலையின்மை. துடுப்புகள் இரு பக்கமும் நீரைத் தொட்டுத் தாங்காவிட்டால் படகு கவிழ்ந்துவிடும். 2022 மே மாதம் பயிற்சியின்போது திடீரெனக் கால்பைசாகிப் புயல் அடித்து, இதே ஏரியில் படகு கவிழ்ந்து இரண்டு பள்ளி மாணவர்கள் இறந்துபோனார்கள். துணைக்கு மோட்டார் படகு ஓடவேண்டாமா, ஓடினால் ஏரி கெடாதா என்ற வாதம் அதற்குப் பிறகு சூடுபிடித்தது.

இனி மேட்டின் மேல் ஏறிக் கடப்பவர்களின் கதை. அது மோட்டாருக்கு முன்பே, ஒரு குதிரையோடு தொடங்குகிறது. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பக்கத்துக் கால்வாய் ஒன்றில் 1830-ஐ ஒட்டிய காலத்தில் படகுகளைக் கரையில் நடக்கும் குதிரைகள் கயிறு கட்டி இழுத்தன. ஒருநாள் வில்லியம் ஹூஸ்டன் என்ற படகு உரிமையாளரின் குதிரை மிரண்டு ஓட்டம் பிடித்தது. கயிறு அறுபடவில்லை. வழக்கமாகக் கரையை அறைந்துகொண்டு வரும் அலை திடீரென அடங்கியது. படகு எழும்பி, நுரையில்லாமல், முன்னைவிட இலகுவாக ஓடியது. ஹூஸ்டன் அதை வியந்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. லேசான படகுகளைக் கட்டி, குதிரைகளைப் பாயவிட்டு, விரைவுப் பயணச் சேவையே தொடங்கிவிட்டார். பின்னாளில் இதை ஆராய்ந்து எழுதிய ஜான் ஸ்காட் ரஸ்ஸல், கால்வாயில் தன்னந்தனியாக ஓடும் அலையை 1834-ல் குதிரை மேல் துரத்திப் பார்த்தவர். கால்வாய் ஆழம் குறைந்தது. ஆழமற்ற நீரில் மேட்டின் இடத்தை நீளத்தோடு ஆழமும் சேர்ந்து தீர்மானிக்கிறது. 1 மீட்டர் ஆழத்தில் அலையால் மணிக்கு சுமார் 11 கிலோமீட்டருக்கு மேல் ஓட முடியாது. குதிரை பயத்தில் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது, அவ்வளவுதான். இழுப்பவர், கயிறு, இழுபடுபவர், மேடு என்று நீர்ச்சறுக்கின் எல்லா உறுப்பும் அந்தக் கால்வாயிலேயே இருந்தன.

மேட்டைத் தாண்டிய பிறகு தண்ணீர் நடந்துகொள்ளும் விதமே வேறு. மெதுவான படகைத் தாங்குவது ஆர்க்கிமிடீஸ் சொன்ன மிதப்பு: எவ்வளவு நீரை விலக்குகிறதோ அவ்வளவு எடை. வேகமான படகுக்கு இன்னொரு தாங்கல் கிடைக்கிறது. சாய்ந்த அடிப்பலகை நீரை முன்னும் கீழுமாக அடித்துத் தள்ளுகிறது. தள்ளப்பட்ட நீர் பலகையை மேலே தள்ளுகிறது. குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் தத்தவிட்ட யாருக்கும் இது தெரிந்த விஷயம். அந்தச் சில்லு நீரோடு எத்தனை டிகிரி சாய்ந்திருந்தால் நன்றாகத் தத்தும் என்று பிரான்ஸில் கிரிஸ்தோஃப் க்ளனே, லிடெரிக் போக்கே முதலியோர் இயந்திரம் வைத்து எறிந்து பார்த்தார்கள். 2004-ல் வெளியான அவர்கள் விடை, சுமார் 20 டிகிரி. முறையாகப் பதிவான உலகச் சாதனை அமெரிக்காவின் கர்ட் ஸ்டைனர் 2013-ல் எறிந்த 88 தத்து. கல்லுக்குக் கை கொடுத்த வேகம் தீர்ந்ததும் முழுகிவிடும். சறுக்குபவருக்கு வேகம் கயிறு வழியாக வந்துகொண்டே இருக்கிறது.

இங்கே ஒரு கணக்கு பார்க்கலாம், எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. ஓடும் நீரை ஒரு பரப்பு தடுத்து நிறுத்தினால் எழும் அழுத்தம், வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். மணிக்கு 15 கிலோமீட்டரில் அது சதுர சென்டிமீட்டருக்கு 90 கிராம் அளவு. வேகத்தை 30 ஆக்கினால் இரு மடங்கல்ல, நான்கு மடங்கு, சுமார் 350 கிராம். 70 கிலோ ஆளை அந்த வேகத்தில் தாங்க 200 சதுர சென்டிமீட்டர், விரல்களோடு சேர்த்து ஓர் உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய பரப்பு, போதும் என்று வருகிறது. உண்மையில் பலகைக்கு அடியில் எல்லா இடத்திலும் முழு அழுத்தம் கிடைக்காது, சாய்வுக்கேற்பக் குறையும். அதனால் அதைப்போல் சில மடங்கு பரப்பு வேண்டும். ஆனாலும் காலளவு அகலமுள்ள இரண்டு பலகைகளில் ஒரு மனிதன் ஏரி மேல் நிற்பது மாயம் இல்லை என்று இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது.

முதலில் நின்றவர் இந்தக் கணக்கெல்லாம் போட்டவரில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், மிசிசிப்பி ஆறு அகன்று விரியும் பெப்பின் ஏரிக்கரையில், லேக் சிட்டி என்ற சிற்றூர். ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயதுப் பையனுக்குப் பனியில் சறுக்கலாம் என்றால் நீரில் ஏன் முடியாது என்ற சந்தேகம். பீப்பாயின் வளைந்த பலகைகளைக் காலில் கட்டிப் பார்த்தான், முழுகினான். பனிச்சறுக்குப் பலகைகளைக் கட்டினான், மறுபடியும் முழுகினான். பிறகு 8 அடி நீளம், 9 அங்குல அகலத்தில் இரண்டு பைன் பலகைகள் வாங்கி, அம்மாவின் செப்புக் கொப்பரையில் நுனிகளை வேகவைத்து வளைத்தான். காலை நுழைக்கத் தோல் வார், பிடித்துக்கொள்ள இரும்பு வளையம், ஜன்னலுக்குப் பயன்படும் கயிறு. படகை அண்ணன் பென் ஓட்டினார். நுனிகள் நீர்மட்டத்தில் இருந்தவரை தோல்விதான். நுனியை நீருக்கு மேலே தூக்கிவைத்து உடம்பைப் பின்னுக்குச் சாய்த்ததும், 1922 ஜூலை 2 அன்று, எழுந்து நின்றான். மறுநாள் அவனுக்குப் பத்தொன்பதாவது பிறந்தநாள். அன்றைய படகின் வேகத்துக்கு அவ்வளவு பெரிய பலகை தேவைப்பட்டது என்பது மேலே சொன்ன அழுத்தக் கணக்கிலிருந்தே புரியும். அவன் காப்புரிமை வாங்கவில்லை. 1925-ல் அதை வாங்கிய ஃப்ரெட் வாலர் பின்னாளில் சினிராமா திரையைக் கண்டுபிடித்தவர். சாமுவேல்சன்தான் முதல்வர் என்று அமெரிக்க நீர்ச்சறுக்குச் சங்கம் ஒப்புக்கொண்டது 1966-ல்.

சாமுவேல்சனுக்குக் கடைசியில் பிடிபட்டதுதான் இன்றும் புதிதாகக் கற்பவருக்கு முதல் பாடம். கரையிலேயே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். பலகைகளைக் காலில் மாட்டி, முழங்காலை மார்போடு ஒட்டி, குதிகாலைப் புட்டத்துக்கு அருகில் இழுத்து, இரண்டு கைகளையும் முழங்காலைச் சுற்றி நேராக நீட்டிக் கைப்பிடியைப் பிடிக்கவேண்டும். ஆசிரியர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்து இழுக்கும்போது, கற்பவர் தானாக எழ முயலக்கூடாது. இழுப்பு அவரைத் தூக்கும்வரை பந்தாகச் சுருண்டே இருக்கவேண்டும். இதைத் தரையில் பலமுறை செய்த பிறகே நீர். லைஃப் ஜாக்கெட் மிதக்கவைக்கும், பலகை நுனிகள் இரண்டும் நீருக்கு மேலே அரையடி தெரியும், கயிறு அவற்றின் நடுவே போகும். படகு தவழ்ந்து கயிற்றின் தளர்வை எடுக்கும். கற்பவர் தலையசைத்ததும் ஓட்டுநர் சீராக வேகம் கூட்டுவார்.

அடுத்த மூன்று நான்கு விநாடிகளில்தான் எல்லாம் இருக்கிறது. பலகைக்கும் ஒரு நீளம் உண்டு, ஆகவே அதற்கும் ஒரு மேடு உண்டு. 1.7 மீட்டர் பலகைக்கு அது மணிக்கு 6 கிலோமீட்டரிலேயே வந்துவிடும். அந்த நேரத்தில் கற்பவரின் உடம்பு இடுப்பு வரை நீருக்குள். பலகையும் தொடையும் நீரைச் சுவராகத் தள்ளிக்கொண்டிருக்கும். தோராயமாகப் போட்டால் கைகளில் விழும் இழுப்பு 60 கிலோ எடைக்குச் சமம். முகத்தில் நீர் அறைகிறது, ஒன்றும் தெரியவில்லை, கைகள் கழன்றுவிடும்போல் இருக்கிறது. இந்த இடத்தில் மனித உடம்புக்கு இரண்டு ஆசைகள் எழும். ஒன்று, கைப்பிடியை மார்பை நோக்கி இழுப்பது. இன்னொன்று, சட்டென்று எழுந்து நிற்பது. இரண்டும் கவிழ்க்கும்.

கையை மடக்கி இழுத்தால் கயிறு ஒரு நொடி தளரும். தாங்கிக்கொண்டிருந்த இழுப்பு இல்லாமல் ஆள் மல்லாக்க விழுவார். மேலும், நேரான கையில் சுமை எலும்பிலும் தசைநாணிலும் தொங்குகிறது. மடக்கிய கையில் முழுச் சுமையையும் தசையே தாங்கவேண்டும், 60 கிலோவை எத்தனை பேரால் அப்படிப் பிடிக்க முடியும்? சீக்கிரம் எழுந்தாலும் கதை அதேதான். மேட்டைத் தாண்டாத வேகத்தில் பலகைக்கு முழு எடையைத் தாங்கும் அழுத்தம் கிடைத்திருக்காது. காலை நீட்டி அழுத்தியதும் பலகை அமிழும். எடை முன்னால் போனால் நுனி நீருக்குள் குத்தி, ஆளைத் தலைகுப்புறத் தள்ளும். சுருண்டே இருந்தவரோ, வேகம் 15-ஐத் தாண்டும்போது தாமாகவே நீரிலிருந்து வெளியே வருவதை உணர்வார். உடம்பு வெளியே வந்துவிட்டதால் தடை மளமளவென்று விழும். பலகை 12 டிகிரி சாய்ந்திருந்தால் சறுக்கும்போது உள்ள தடை எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவு, உராய்வைச் சேர்த்தாலும் 20 கிலோவுக்கு அருகில். அதாவது மிகக் கடினமான நேரம் முதல் சில விநாடி மட்டும். அதைக் கடந்தவருக்குப் பிடியே லேசாகிவிடும். பலமுள்ள இளைஞர்கள் பலத்தால் எழப் பார்த்து விழுந்துகொண்டே இருப்பதும், பயமில்லாத குழந்தைகள் சொன்னபடி சுருண்டிருந்து சீக்கிரம் எழுந்துவிடுவதும் இதனால்தான்.

படகு சிறியதாக இருந்தால் இந்த நாடகம் இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் நடக்கும். படகுக்கும் அதன் மேடு இருக்கிறதல்லவா? ஆட்களோடு 500 கிலோ வரும் சிறு படகுக்கு மேட்டில் வரும் தடை சுமார் 70 கிலோ இருக்கலாம். பின்னால் நீருக்குள் இழுபடும் கற்பவரின் தடையும் கிட்டத்தட்ட அதே அளவு. ஒரே ஓர் ஆள், ஆனால் எஞ்சினுக்கு இன்னொரு படகைக் கட்டி இழுப்பதாகவே படும். 30 கிலோமீட்டர் வேகத்தில் சறுக்கும் ஆளுக்கு இரண்டு மூன்று குதிரைத் திறன் போதும் என்றாலும், அவரைக் கிளப்புவதற்குச் சிறு படகின் அவுட்போர்டு மோட்டார் திணறுவதன் காரணம் அது. அனுபவமுள்ள ஓட்டுநர்கள் கூட வருபவரை மூக்குப் பக்கம் உட்காரச் சொல்வார்கள். மூக்கு தாழ்ந்தால் படகு மேட்டைச் சீக்கிரம் தாண்டும். வேகமாக ஓடுவதற்கான புரொப்பெல்லரைக் கழற்றி, ஒரு சுற்றில் குறைந்த தூரம் தள்ளும் புரொப்பெல்லரை மாட்டுவதும் உண்டு. கற்பவருக்கு அகலமான பலகை கொடுப்பதும் இதே கணக்குதான்: பரப்பு கூடினால் குறைந்த வேகத்திலேயே எழலாம், படகுக்கும் பாரம் சீக்கிரம் இறங்கும். சில பயிற்சிக்காரர்கள் கயிற்றையே விட்டுவிட்டு, படகின் பக்கவாட்டில் நீளும் உறுதியான கம்பியைப் பிடிக்கச் சொல்கிறார்கள். கம்பி கொஞ்சம் மேல்நோக்கியும் தாங்கும், ஆசிரியர் குரலும் பக்கத்திலேயே கேட்கும்.

கற்பதற்குக் காற்றில்லாத காலை, அடைபட்ட நீர், இரண்டும் வேண்டும். பெந்தோட்டையில் கடல் எட்டும் தூரத்தில் இருந்தும் சறுக்குபவர்கள் ஆற்றுப் பக்கம் வருவது, கடலலை ஆற்றுக்குள் வருவதில்லை என்பதால்தான்.

எழுந்து நின்றவருக்கு அடுத்த கவலை படகின் அலைத்தடம். அதன் இரு கரைகளுக்கு நடுவே தட்டையான பாதை இருக்கும். புதியவர் அங்கேயே இருப்பது நல்லது. இந்தத் தடம் விரியும் கோணத்தைக் கெல்வின் பிரபு 1887-ல் கணக்கிட்டார். ஆழமான நீரில் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கம் 19.5 டிகிரி, வாத்துக்கும் சரி கப்பலுக்கும் சரி. வேகம் எதுவானாலும் கோணம் மாறாது என்பது நூறாண்டுக்கு மேல் பாடப்புத்தகத்தில் இருந்தது. 2013-ல் மார்க் ரபோ, ஃப்ரெடெரிக் மொய்சி என்ற இரு பிரெஞ்சு இயற்பியலாளர்கள் வானிலிருந்து எடுத்த கப்பல் படங்களை அளந்து, வேகமான படகுகளின் தடம் குறுகிக் கண்ணுக்குத் தெரிகிறது என்று காட்டினார்கள். கெல்வின் கணக்கு தவறில்லை. வேகமான படகால் தன் நீளத்தைவிட மிக நீண்ட அலைகளை எழுப்ப முடிவதில்லை, அதனால் ஓரத்து அலைகள் மங்கிவிடுகின்றன. ஆக, சறுக்குபவர் கடக்கவேண்டிய அந்தச் சின்ன வரப்புகளின் இடமும் படகின் நீளத்துக்கும் வேகத்துக்கும் உள்ள பழைய உறவில்தான் இருக்கிறது.

வேகத்தை இன்னும் ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பலகையே வேண்டாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் நீரின் அழுத்தம் 30-ல் இருந்ததைப்போல் நான்கு மடங்கு. வெறும் பாதங்கள் போதும். 1947-ல் ஃப்ளோரிடாவின் சைப்ரஸ் கார்டன்ஸில் வெறுங்காலால் சறுக்கிக் காட்டினார்கள். அந்த வேகத்தில் விழுந்தால் நீர் தரையைப்போல் அடிக்கும், புதியவர்களுக்கு அந்த ஆசை வேண்டாம்.

25, 30 கிலோமீட்டரில் விழுவது பெரும்பாலும் மூக்கில் நீர் ஏறுவதோடு முடிந்துவிடும். ஒரே நிபந்தனை, விழுந்ததும் கைப்பிடியை விட்டுவிடவேண்டும். முதல்நாள் கற்பவர்கள் விழுந்த பிறகும் அதை இறுகப் பிடித்துக்கொண்டு நீருக்கடியில் இழுபடுவார்கள். படகில் ஓட்டுநரைத் தவிரப் பின்னால் பார்த்தபடி இன்னொருவர் கட்டாயம் இருக்கவேண்டும், ஓட்டுநரின் கண் முன்னால்தான் இருக்கமுடியும் என்பதால். சத்தத்தில் பேச்சு கேட்காது. கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை. விழுந்தவர் தலைக்கு மேல் இரு கைகளையும் சேர்த்துக் காட்டினால் அடிபடவில்லை என்று அர்த்தம். உடனே படகு வட்டமடித்து வந்து, ஓட்டுநர் தம் பக்கமாகவே அவர் தெரியும்படி மெதுவாக நெருங்கி, அவர் ஏறுவதற்கு முன் எஞ்சினை அணைத்துவிடுவார். நியூட்ரலில் வைத்தால் போதாது, சாவியைத் திருப்பி அணைக்கவேண்டும்.